முதலில் எழுந்திருப்பவள்

லார்ச்மவுண்ட் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு. ஒன்று பத்துக்கெல்லாம் புட்டிங் தட்டுகள் காலியாகிவிடும். ஆனால் லேடி தோர்ன்லி நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்வரை மற்ற பதின்மூன்று பேரில் ஒருவரும் அசைய மாட்டோம். சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைகளில் இது கிடையாது. குளியல் நேரம் இருக்கிறது, வானொலியைச் சத்தமாக வைக்கக் கூடாது என்று இருக்கிறது, இது மட்டும் இல்லை. எங்களுக்கு எழுதி ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எங்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தை விட்டுக் கப்பலேறிப் போய், வேறு யாருடைய நாட்டையோ ஆண்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள். விருந்தில் மூத்த சீமாட்டி எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழ வேண்டும் என்பது எங்கள் எலும்பில் ஊறியது. மூத்தவள் என்றால் வயதில் அல்ல, புருஷனின் உத்தியோகத்தில்.

என் புருஷன் ஹெரால்ட் டாட், ஆப்பிரிக்காவில் நியாசாலாந்தில் சாலை போட்டார். அவள் புருஷன் சர் ஜெஃப்ரி தோர்ன்லி, அதே நியாசாலாந்தில் தலைமைச் செயலர். கவர்னருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லைதான். ஆனாலும் விளக்கப் போகிறேன், ஏனென்றால் முப்பத்தேழு வருஷமாக என் வயிறு எரிகிறது. எழுபத்து நாலு வயதில் அதை மறைத்து வைத்து யாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறேன்?

1934ஆம் வருஷம் ஜூன் மாதம், அரசர் பிறந்தநாள். ஜோம்பா நகரத்தில் கவர்னர் மாளிகையில் மதிய விருந்து. நானும் ஹெரால்டும் அங்கே போய்ச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் அப்பாவுக்கு இங்கிலாந்தில் லெஸ்டர் ஊரில் செருப்புக் கடை. கப்பலில் போகும்போதே என் பேச்சிலிருந்த லெஸ்டர் வாடையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இறங்கினேன். எந்தக் கத்தி மீனுக்கு, எந்தக் கரண்டி சூப்புக்கு என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். கவர்னரின் மனைவி பல் வைத்தியத்துக்காக லண்டன் போயிருந்ததால், அன்றைக்கு மூத்த சீமாட்டி வெனிஷியா தோர்ன்லி. புருஷனுக்கு இன்னும் சர் பட்டம் வராததால், அப்போது அவள் வெறும் மிஸஸ் தோர்ன்லிதான். பிஷப் ஒருவரின் மகள். சாம்பல் நிறப் பட்டு உடுத்தி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

மாம்சம் முடிந்தது. அவள் சற்று முன்னால் சாய்ந்து தோளிலிருந்த சால்வையை இழுத்தாள். அவள் எழுகிறாள் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். நாற்காலி தரையில் கீச்சென்றது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த மேஜையில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். என் தலை மட்டும் தனியாக மேலே தெரிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க வேலைக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். மிஸஸ் தோர்ன்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க, உக்காருங்க. புட்டிங் இன்னும் வரவே இல்லையே. அவ்வளவு பயமா எங்க சமையல்காரர் மேல?"

எல்லோரும் சிரித்தார்கள். கவர்னர் சிரித்தார். ஹெரால்டும் சிரித்தார். நான் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவள் நிஜமாகவே எழுந்தபோது, கடைசி ஆளாக எழுந்தேன்.

காரில் திரும்பி வரும்போது ஹெரால்ட் ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். பாதி வழியில் வாயைத் திறந்தார்.

"அந்தம்மா எழுந்திரிச்சத பாத்தியா மேவிஸ்? கைய மேஜையில ஊனவே இல்ல. நாற்காலிய தள்ளவும் இல்ல. அப்படியே எழுந்திரிச்சாங்க. அடேயப்பா!"

இருபத்து நாலு வருஷம் கழித்து ஹெரால்ட் இறந்தார். நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். அந்த 'அடேயப்பா'வை மட்டும் நான் அவருக்கு மன்னிக்கவில்லை. என்னைப் பார்த்து ஒரு தரம்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நாற்காலியைப் போட்டு, கை ஊனாமல் எழுந்து எழுந்து பழகினேன். எனக்கு வந்தது முழங்கால் வலிதான்.

இப்படிப்பட்டவள் போன வசந்த காலத்தில் லார்ச்மவுண்டுக்கு வந்து சேர்ந்தாள். மகன் வீட்டை விற்றுவிட்டானாம். நான் இங்கே மூன்று வருஷமாக இருக்கிறேன். அதுவரை யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. சாப்பிட்டோம், போனோம். எனக்குப் பக்கத்து நாற்காலி மிஸ்டர் பிம்முடையது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கோல்ட் கோஸ்டில் கோகோ மரத்துப் பூச்சிகளோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். சிறுநீர் அவர் பேச்சைக் கேட்காது. புட்டிங் வாயில் இருக்கும்போதே கழிப்பறைக்கு ஓடுவார், யாரும் கண்டுகொள்ள மாட்டோம்.

லேடி தோர்ன்லிக்கு மேஜையில் எனக்கு நேர் எதிரே இடம் போட்டார்கள். எண்பத்தொரு வயது. கழுத்து அப்படியே இருந்தது. நான் என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

"மேவிஸ் டாட். நாம ஜோம்பாவுல ஒண்ணா இருந்தோம்."

"ஜோம்பாவிலா? ஓ! எந்த வருஷம்?"

"முப்பத்து நாலுலேர்ந்து நாப்பத்தேழு வரைக்கும்."

"டாட்... டாட்..." அவள் மிகவும் மரியாதையாக யோசித்தாள். "குதிர வளத்தவங்களா?"

"ரோடு போட்டவங்க."

"ஆமாமா, ரோடு! ரோடெல்லாம் ரொம்ப நல்லா இருந்ததே."

அவ்வளவுதான். அப்போது அவள் புத்தி தெளிவாகத்தான் இருந்தது, மறதி என்று சாக்குச் சொல்ல வழியில்லை. நான் முப்பத்தேழு வருஷம் சுமந்த எதிரிக்கு என் முகமே தெரியாது. பதின்மூன்று வருஷம் ஒரே சிறிய ஊரில் இருந்திருக்கிறோம். ஒரே தேவாலயத்தில் அவள் தொப்பியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஜெபித்திருக்கிறேன். என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலாவது ஒரு திருப்தி இருந்திருக்கும்.

அன்றைக்குப் புட்டிங் முடிந்ததும் நான் எழுந்து போயிருக்க வேண்டும். வேண்டுமென்றே, டமாலென்று எழுந்திருக்க வேண்டும். ஆனால் என் முட்டாள் உடம்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. பாதி எழுந்திருந்த மிஸ்டர் பிம் என்னைப் பார்த்தார், எதிரே அவளைப் பார்த்தார், மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். சற்று நேரத்தில் மேஜை முழுக்க அமைதியாகக் காத்திருந்தது. லேடி தோர்ன்லி சுற்றும் முற்றும் பார்த்தாள், புரிந்துகொண்டாள், நாப்கினைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை ஊனாமல் எழுந்தாள். பதின்மூன்று கிழங்கள் கூடவே எழுந்தோம். அவளுக்கு முடி சூட்டியதே நான்தான் என்பதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று முதல் லார்ச்மவுண்டில் அவள் கொடிதான் பறந்தது. இல்லத்தை நடத்தும் மேட்ரன் கீகனுக்கு மட்டும் இந்த விவகாரம் பிடிபடவில்லை. மேட்ரன் ஐரிஷ்காரி, அவள் நாட்டையும் ஒரு காலத்தில் நாங்கள்தான் ஆண்டோம்.

"என்ன கூத்து இது மிஸஸ் டாட்? எல்லாரும் சாப்பிட்டாச்சு, ஆனா சாமி கும்பிடற மாதிரி உக்காந்திருக்கீங்க. சமையக்கட்டுல பொண்ணுங்க பாத்திரம் தேய்க்கக் காத்துக்கிட்டிருக்காளுங்க."

"அது பழக்கம், மேட்ரன்."

"பழக்கமாம் பழக்கம்! இந்தப் பழக்கத்துக்குத்தான் எங்காளுங்க உங்கள அடிச்சுத் துரத்தினாங்க."

அக்டோபரில் அது ஆரம்பித்தது. ஆட்டுக்கறியும் வெந்த முட்டைக்கோஸும், அப்புறம் ரவைப் புட்டிங். எல்லாம் முடிந்தது. ஒன்றே கால். ஒன்றரை. லேடி தோர்ன்லி எழவில்லை. மிஸ்டர் பிம் காலைப் பின்னிக்கொண்டு, முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போக, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் அவள் ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருப்பதாக நினைத்தார்கள். பெரிய மனுஷிகள் யோசிப்பார்கள் அல்லவா?

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒருத்தியை நேசிப்பவர்கள்கூட அவளை இத்தனை உன்னிப்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் இமை எப்படி அசையும், கழுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று அவள் கண்ணில் யோசனை எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஐஸ் தண்ணீர் குடித்தது போல இருந்தது. ஆனால் பக்கத்தில் மிஸ்டர் பிம் முனக ஆரம்பித்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் என் செருப்பு நனைந்துவிடும். நான் கரண்டியைத் தட்டில் டக்கென்று வைத்தேன். அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு நாப்கினை வைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் புட்டிங் முடிந்ததும் அவள் நேராக என் கரண்டியைப் பார்த்தாள்.

இப்படியாக ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் நான்தான் மூத்த சீமாட்டி, யாருக்கும் தெரியாது. நான் கரண்டியை வைத்தால் லேடி தோர்ன்லி எழுவாள், அவள் எழுந்தால் மேஜையே எழும். சில நாள் வேண்டுமென்றே கஸ்டர்டை மெதுவாக வழித்து வழித்துத் தின்றேன். ஒரு நாள் கரண்டியைத் தட்டுவரை கொண்டுபோய்விட்டு, நினைப்பு மாறியவள் போலத் திரும்ப வாயில் வைத்தேன். அவள் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். என் புருஷன் பார்த்திருக்க வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் எஸ்நாத் மட்டும்தான். நியாசாலாந்து இப்போது மலாவி என்ற தனி நாடு. அங்கிருந்து நர்ஸ் படிப்புக்கு வந்த பெண் அவள். பகலில் இங்கே வேலை. லேடி தோர்ன்லிக்கு உடுத்தி விடுவதும், எங்களுக்குப் பரிமாறுவதும் அவள்தான். அவள் பாஷையில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் முதல் நாளே எடுத்து விட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லேடியம்மாவும் இதையேதான் சொன்னாங்க. 'கொண்டா', 'எடுத்துட்டுப் போ', 'சீக்கிரம்'. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே வாத்தியாரா மிஸஸ் டாட்?"

ஒரு மதியம் மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கரண்டி விளையாட்டு எதுக்கு?"

"எந்தக் கரண்டி?"

"எனக்குத் தெரியாதா என்ன? எங்கப்பா ஜோம்பாவுல ஒரு தொர வீட்டுல சமையல். விருந்துன்னா கதவு இடுக்குல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாராம், பெரியம்மா எப்ப எந்திரிப்பாங்கன்னு. அவங்க எந்திரிச்சாத்தான் மத்தவங்க போவாங்க. எல்லாரும் போனாத்தான் இவரு தட்டு கழுவ முடியும். கழுவினாத்தான் வீட்டுக்கு நடக்கலாம், ஏழு மைல். அந்தம்மா இன்னொரு கதைய ஆரம்பிச்சா, நாங்க அன்னிக்கு அப்பாவ பாக்க மாட்டோம்."

"எந்த தொர வீடு?" என்று கேட்டேன். அது தோர்ன்லியின் வீடாக இருக்க வேண்டும் என்று ஆசை.

"பேரெல்லாம் அப்பா சொன்னதில்ல. எல்லாரும் ஒண்ணுதான் அவருக்கு." அவள் துணியைப் பிழிந்தாள். "நீங்க இப்ப அவங்களுக்கு உதவி பண்றீங்க. நல்ல விஷயம்."

உதவி! அவள் என்னை நல்லவள் என்று நினைத்தது எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ஒருவேளை அப்படியே தொடர்ந்திருப்பேன்.

கெடுத்தது மேட்ரனும் மிஸ்டர் பிம்மும். புதன்கிழமை காலை மேட்ரன் என்னை வராந்தாவில் பிடித்தாள்.

"நீங்க எதிர்ல உக்கார்றவங்க, ஒண்ணு கேக்கறேன். லேடி தோர்ன்லிக்கு நிதானம் இருக்கா? ரெண்டு நாள் முன்ன ராத்திரி உடுப்போட குளிக்கிற தொட்டியில உக்காந்திருந்தாங்க."

"மேஜையில ஒழுங்காத்தான் இருக்காங்க."

"அதான் எனக்கும் புரியல. நாளைக்கு டாக்டர் நம்மளோட சாப்பிட வர்றாரு. சும்மா உக்காந்து பாப்பாரு. அவங்க பாட்டுக்குச் சாப்பிட்டு, அவங்க பாட்டுக்கு எந்திரிச்சாங்கன்னா கீழயே இருக்கட்டும். சாப்பாடு முடிஞ்சது தெரியாதவங்கள கீழ வச்சுக்க முடியாது மிஸஸ் டாட். படிக்கட்டு இருக்கு, அடுப்பு இருக்கு, ரோட்டத் தாண்டினா கடல் இருக்கு."

கீழே இல்லையென்றால் மாடிதான். மாடி என்றால் எங்களுக்குத் தெரியும். இரண்டாவது மாடியில் ஆறு கட்டில்கள், கம்பி போட்ட ஜன்னல். தட்டில் கொண்டுபோய் ஊட்டுவார்கள். மாடிக்குப் போன யாரும் திரும்பக் கீழே வந்து சாப்பிட்டதில்லை.

அன்று மதியம் நான் கரண்டியை வைத்தேன், அவள் எழுந்தாள். மிஸ்டர் பிம் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் போவதையே பார்த்து நின்றார். அவசரம்கூட மறந்துவிட்டது அவருக்கு.

"பாத்தீங்களா மேவிஸ்? எண்பத்தொண்ணு! கையே ஊனல. அப்படி எழுந்திரிக்க இந்த வீட்டுல வேற யாரால முடியும்? அதெல்லாம் ரத்தத்துல வரணும்."

அவளை எழுப்பியது நான். பாராட்டு அவளுக்கு. நான் கரண்டி வைக்காவிட்டால் அவள் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். ரத்தமாம், எந்த ரத்தம்? ஹெரால்ட் செத்து பதின்மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை நின்றுகொண்டு அதே 'அடேயப்பா'வைச் சொல்கிறான்.

"உங்களுக்கு அவசரமில்லையா மிஸ்டர் பிம்? போங்க, தரை நனையப் போகுது" என்றேன். அவர் முகம் சிவந்து போய்விட்டார். அது போதவில்லை எனக்கு.

வியாழக்கிழமை டாக்டர் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார். சின்ன வயது மனிதர், எல்லாவற்றையும் மென்று தின்றார். லேடி தோர்ன்லி அன்று நீல உடையில் இருந்தாள். எஸ்நாத் தலையை நன்றாக வாரி விட்டிருந்தாள். மீன் வந்தது, சரியான கத்தியை எடுத்தாள். டாக்டரிடம் வானிலை பற்றி இரண்டு வார்த்தை பேசினாள். மேட்ரன் கதவருகே கைகட்டி நின்று தலையாட்டினாள். பிறகு ஆப்பிள் புட்டிங்.

தட்டுகள் காலியாயின. லேடி தோர்ன்லி என் கையைப் பார்த்தாள்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். வைக்கவில்லை. என் தட்டில் வழிக்க எதுவும் மிச்சமில்லை. கரண்டியைச் சும்மா பிடித்தபடி ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன். அலை அடித்துக்கொண்டிருந்தது. 'ரத்தத்துல வரணும் இல்லையா? வரட்டும் பார்ப்போம்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"இப்பவா?" என்றாள் அவள்.

சின்னக் குரல். என்னிடம்தான் கேட்டாள். ஜோம்பாவிலும் இங்கேயும் சேர்த்து, அவள் என்னிடம் ஒன்றை நிஜமாகவே கேட்டது அதுதான் முதல் தரம். மேஜையே கேட்டது. டாக்டர் மெல்லுவதை நிறுத்தினார். நான் திரும்பவில்லை.

"இப்பவா? சொல்லுங்களேன். இப்பவா?"

அவள் கை நாப்கினைத் தேடியது, தண்ணீர் டம்ளரில் பட்டது. தண்ணீர் மேஜையில் ஓடியது. பிறகு அவள் காலித் தட்டிலிருந்து கரண்டியால் எடுத்து எடுத்து, இல்லாத புட்டிங்கைச் சாப்பிட ஆரம்பித்தாள். நாகரிகமாக, வாயை மூடி மென்றாள். எதிரே எஸ்நாத் கஸ்டர்ட் ஜாடியோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மேட்ரனைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்று மணிக்கெல்லாம் அவளை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு நிதானம் இல்லை என்பது உண்மைதானே? அன்றைக்கு முழுக்க அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை என் சாம்பல் நிற உடையை எடுத்து உடுத்தினேன். முத்து மாலை போட்டுக்கொண்டேன். புருஷன்மாரின் உத்தியோகத்தைக் கணக்குப் பார்த்தால், மேஜையில் மிச்சமிருந்த பெண்களில் இப்போது மூத்தவள் நான்தான். மற்றவர்கள் குமாஸ்தாக்களின் விதவைகள், இரண்டு மிஷன் டீச்சர்கள். எதிர் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை, காலியாக இருந்தது. புட்டிங்குக்கு வேகவைத்த ப்ளம்ஸ் வந்தது. சாப்பிட்டு முடித்து நாப்கினை மடித்தேன். முதுகை நிமிர்த்தினேன். கை ஊனக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் மிஸ்டர் பிம் நாற்காலியைத் தள்ளினார். வாயில் ப்ளம்ஸோடு எழுந்தார்.

"அப்பாடா! இனிமே இஷ்டத்துக்குப் போகலாம். என்ன மேவிஸ்?"

போய்விட்டார். அவர் பின்னால் மிஷன் டீச்சர்கள், பேசிக்கொண்டே போனார்கள். ஒருவர் நின்றுகொண்டே காப்பி குடித்தார். நாற்காலிகள் தாறுமாறாகத் தள்ளப்பட்டன. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்திருக்கிறேனா என்று பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. ஐந்து நிமிஷத்தில் மேஜையில் நான் மட்டும் இருந்தேன்.

எஸ்நாத் தட்டுகளை அடுக்க வந்தாள். வழக்கமாகப் பேசுவாள், அன்று பேசவில்லை. என் தட்டை எடுக்கும்போது நான்தான் கேட்டேன்.

"எப்படி இருக்காங்க மேல?"

"சாப்பிட மாட்டேங்கறாங்க. தட்ட வெச்சா கதவையே பாக்கறாங்க." அவள் என் கரண்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். "எதிர்ல உக்கார்ற அந்தம்மா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்க இல்லாம நான் எப்படிங்கறாங்க. காலையிலேர்ந்து அதே பேச்சு."

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதிரே காலியாக இருந்த அந்த நாற்காலியை விட்டு என் கண் நகரவில்லை. நான் பார்த்துப் பார்த்து எழுந்த ஒருத்தி அங்கே இல்லை. அவள் என்னைக் கேட்கிறாள். பெயர் தெரியாமல், ரோடு தெரியாமல், எதிரே உட்காருகிறவள் என்று கேட்கிறாள். நான் அவளை மாடிக்கு அனுப்பிவிட்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. கதவருகே மேட்ரன் நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அருகே வந்து குனிந்தாள். அவள் குரல் மாறியிருந்தது, மெத்தென்று இருந்தது. மாடியில் இருப்பவர்களிடம் பேசும் குரல் அது, எனக்குத் தெரியும்.

"மிஸஸ் டாட்? சாப்பாடு முடிஞ்சு அரை மணி ஆச்சு கண்ணு. தெரியுதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவங்க இன்னும் எந்திரிக்கலையே" என்றேன்.

மேட்ரன் ஒரு நிமிஷம் காலி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு என் முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்து, மெதுவாக என்னைத் தூக்கி நிறுத்தினாள்.